நாடாளுமன்றம் வாக்களிக்காத உடன்பாடு

(இந்திய-அமெரிக்க அணுசக்தி உடன்பாடும் உள்நாட்டு அரசியல் விவாதமும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட அச்சு வடிவம்)



இந்திய-அமெரிக்கக் குடிசார் அணுசக்தி உடன்பாடு 2005 ஜூலை 18 அன்று வாஷிங்டனில் பிரதமர் மன்மோகன் சிங்கும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ்ஷும் வெளியிட்ட கூட்டறிக்கையில் தொடங்கி, 2008 அக்டோபர் 10 அன்று அயலுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும் அமெரிக்க வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸும் இட்ட கையெழுத்தோடு நிறைவுற்றது. குடிசார் என்பது இங்கே படைத்துறை சாராத, மின்னாக்கம் போன்ற பணிகளுக்குரிய அணுசக்தியைக் குறிக்கும். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் இவ்வுடன்பாட்டின் பொருட்டு அமெரிக்கப் பேரவை இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது; வியன்னாவில் இரண்டு பன்னாட்டு அமைப்புகள் கூடி முடிவெடுத்தன; தில்லியில் ஓர் அரசு கவிழும் நிலைக்குச் சென்று மீண்டது. ஆயினும் இந்திய நாடாளுமன்றத்தின் எந்த அவையும் அவ்வுடன்பாட்டை ஏற்பதா மறுப்பதா என்று ஒருமுறைகூட வாக்களிக்கவில்லை.

இச்சொற்பொழிவின் மையக் கருத்து இந்த ஓர் உண்மையிலிருந்தே எழுகிறது. உடன்பாட்டைப் பற்றி உள்நாட்டில் நடந்த விவாதம் ஆழமற்றது என்றும், வெறும் கட்சிச் சண்டை என்றும் பலர் எழுதியுள்ளனர். அது முழு உண்மையன்று. ஆழமான விவாதம் நடந்தது. ஆனால் நடக்க வேண்டிய இடத்தில் நடக்கவில்லை. உடன்படிக்கைகளை ஆராய்ந்து ஏற்கும் கடமை நாடாளுமன்றத்துக்கு வழங்கப்படாத ஓர் ஆட்சி முறையில், உடன்பாட்டின் உள்ளடக்கம் பற்றிய வினா, அரசு நீடிப்பதா வீழ்வதா என்ற வேறொரு வினாவாக உருமாறியே அவைக்குள் நுழைய முடிந்தது. அவ்வுருமாற்றமே விவாதத்தைச் சிதைத்தது என்பது இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. உடன்பாடு தீர்க்க முனைந்த சிக்கல்

1968இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அணு ஆயுதப் பரவல் தடை உடன்படிக்கை, 1967க்கு முன் அணுவெடிப்பு நிகழ்த்திய ஐந்து நாடுகளை மட்டுமே அணு ஆயுத நாடுகளாக ஏற்றது. அதில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா நிகழ்த்திய வெடிப்புச் சோதனைக்குப் பின், அணுப்பொருள்களையும் தொழில்நுட்பத்தையும் விற்கும் நாடுகள் ஒன்றுகூடித் தமக்குள் கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டன. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு என்று அழைக்கப்படும் அவ்வமைப்பு, தன் அணுநிலையங்கள் அனைத்தையும் பன்னாட்டுக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவராத நாட்டுக்கு எதையும் விற்பதில்லை என்று 1992இல் முடிவெடுத்தது. அதற்கும் முன்பே, 1963ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தாராப்பூர் உலைகளுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வழங்கிவந்த அமெரிக்கா, 1978இல் தான் இயற்றிய புதிய சட்டத்தைக் காரணம் காட்டி அவ்வழங்கலை நிறுத்தியது. ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டம் இன்னொரு நாட்டுக்குக் கொடுத்த வாக்குறுதியை வெட்டிவிடக்கூடும் என்ற பாடத்தைத் தாராப்பூர் இந்திய அறிவியலாளர்களுக்குக் கற்பித்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நடந்த விவாதத்தில் அப்பெயர் திரும்பத் திரும்ப ஒலித்ததன் காரணம் இதுவே.

ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கங்களை நம்பியிருந்த உள்நாட்டு யுரேனிய வழங்கல் தேவைக்கு ஈடுகொடுக்காமற்போகவே, 2007-08ஆம் ஆண்டளவில் இந்திய அணுமின் நிலையங்கள் ஏறத்தாழப் பாதித் திறனில்தான் இயங்கின. வெளிநாட்டு யுரேனியம் வேண்டும். அதற்குக் கண்காணிப்பை ஏற்க வேண்டும். ஆயினும் ஆயுதத் திட்டத்தைக் கைவிட முடியாது. இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியாக முன்வைக்கப்பட்டதே இவ்வுடன்பாடு. அமெரிக்காவின் 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, பிற நாடுகளோடு அணுசக்தி ஒத்துழைப்பு மேற்கொள்ளும் முறையை வகுப்பதால், இதற்கு '123 உடன்பாடு' என்ற பெயர் வழங்கலாயிற்று.

இந்தியா செய்ய வேண்டியிருந்த முதற்பணி, தன் அணுநிலையங்களைக் குடிசார் நிலையங்கள் என்றும் படைத்துறை சார்ந்த நிலையங்கள் என்றும் இரண்டாகப் பிரிப்பதாகும். இப்பணியின் கடுமையை உணர 1948 ஏப்ரலுக்குச் செல்ல வேண்டும். அணுசக்தி மசோதா அப்போது அரசியல் நிர்ணய சபையின் சட்டமியற்றும் அமர்வில் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர், பிரிட்டனில் பாதுகாப்புசார் ஆய்வுக்கு மட்டுமே உரிய கமுக்கம் இந்திய மசோதாவில் ஆய்வு முழுவதன்மீதும் விதிக்கப்படுவது ஏன் என்று கேட்டார். ஆக்கப் பயன்பாட்டையும் பாதுகாப்புப் பயன்பாட்டையும் எவ்வாறு பிரிப்பது என்பது தமக்குத் தெரியவில்லை என்ற பொருளில் நேரு விடையளித்தார். நேருவால் வரைய இயலாத அந்தக் கோடு, 58 ஆண்டுகள் கழித்து, 2006 மார்ச் 2 அன்று புதுதில்லியில் புஷ்ஷின் வருகையின்போது வரையப்பட்டது: இயங்கிக்கொண்டிருந்தவையும் கட்டப்பட்டுக்கொண்டிருந்தவையுமான 22 உலைகளில் 14 உலைகளை 2014க்குள் படிப்படியாகக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவருவதென முடிவாயிற்று. கல்பாக்கத்தின் இரு மின்னுலைகளும் அங்கே கட்டப்பட்டுவந்த 500 மெகாவாட் அதிவேக ஈனுலையும் கோட்டுக்கு அப்பால், கண்காணிப்பற்ற பக்கத்தில் நிறுத்தப்பட்டன. எரிப்பதைவிடக் கூடுதலான எரிபொருளை ஈன்று தருவது ஈனுலை. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் கேரளக் கடற்கரை மணலிலும் கிடைக்கும் தோரியத்தைப் பயன்கொள்ள ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் அது இரண்டாம் கட்டம்.

இவ்வளவு பெரிய முடிவு நாடாளுமன்றத்தில் அறிக்கையாக வாசிக்கப்பட்டது. அவையின் ஒப்புதல் கோரப்படவில்லை.

2. கையெழுத்திடும் அதிகாரம் எவருடையது

அமெரிக்காவில் இவ்வுடன்பாடு நடைமுறைக்கு வரச் சட்டம் தேவைப்பட்டது. முதலில், இந்தியாவுக்கு விலக்களிக்க வழிசெய்யும் ஹைட் சட்டம் 2006 டிசம்பரில் இயற்றப்பட்டது. பின்னர், இறுதி உடன்பாட்டுக்கு ஒப்புதல் தரும் சட்டம் 2008 செப்டம்பர் இறுதியில் பிரதிநிதிகள் அவையில் 298க்கு 117 என்றும், அக்டோபர் முதல் நாளில் செனட் அவையில் 86க்கு 13 என்றும் நிறைவேறியது. ஒவ்வோர் உறுப்பினரும் எப்பக்கம் வாக்களித்தார் என்பது பதிவில் உள்ளது. அந்த வாக்கு உடன்பாட்டைப் பற்றியதே. புஷ்ஷின் பதவி அதில் தொங்கவில்லை.

இந்திய அரசியலமைப்பின் வழி வேறு. ஏழாம் அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 14ஆம் இனம், அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்துகொள்வதையும் அவற்றை நிறைவேற்றுவதையும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றத்தக்க பொருளாக வைத்துள்ளது. 73ஆம் பிரிவு, நாடாளுமன்றம் சட்டம் இயற்றத்தக்க பொருள்கள் அனைத்திலும் ஒன்றிய அரசின் ஆட்சியதிகாரம் செல்லும் என்கிறது. உடன்படிக்கை செய்யும் முறையைக் குறித்து நாடாளுமன்றம் இதுவரை சட்டம் எதுவும் இயற்றாததால், அவ்வதிகாரம் முழுவதும் அமைச்சரவையின் கையில் தங்கிவிட்டது. ஓர் உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டத்தை மாற்றக் கோரினால் மட்டுமே அரசு 253ஆம் பிரிவின்வழி நாடாளுமன்றத்தை நாட வேண்டும்.

தமிழ்நாட்டில் இச்செய்தியை விளக்க நெடிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1974 ஜூன் மாதம் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டால் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. அயலுறவு அமைச்சர் சுவரண் சிங் ஜூலை 23 அன்று மக்களவையில் அதை அறிவித்தபோது, கையெழுத்து முடிந்து ஏறத்தாழ நான்கு வாரம் ஆகியிருந்தது. இரா. செழியன் உள்ளிட்ட உறுப்பினர்கள் எதிர்த்துப் பேசினர், வெளிநடப்பும் நடந்தது. இந்திய நிலப்பகுதியை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று பெருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இல் சொல்லியிருந்தும், அத்தீவின் உரிமை முன்னரே பூசலுக்குரியதாக இருந்ததென்றும் ஆகவே இது நிலத்தைக் கொடுத்தலாகாதென்றும் அரசு நிலைப்பாடு எடுத்தது. இராமேசுவரத்து மீனவர்களின் வலைகளைத் தொட்ட முடிவு, அவர்களின் பிரதிநிதிகள் வாக்களிக்க இடமின்றியே எடுக்கப்பட்டது.

நாடாளுமன்ற ஆட்சி முறையில் இது தவிர்க்க முடியாதது என்ற வாதம் அடிக்கடி முன்வைக்கப்படுகிறது. இந்தியா எந்த நாட்டிடமிருந்து அம்முறையைப் பெற்றதோ அந்தப் பிரிட்டனிலேயே, உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யுமுன் அவையின் முன் வைக்கும் மரபு 1924 முதல் இருந்துவருகிறது. 2010இல் அது சட்டமாகி, 21 அமர்வு நாள்கள் அவையின் முன் உடன்படிக்கை கிடக்க வேண்டும் என்று விதித்துள்ளது. எனவே அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

3. விவாதம் இடம்பெயர்ந்த களங்கள்

வாக்களிக்கும் உரிமை இல்லாத அவையில் பேச்சு இருக்கலாம், பேரம் இராது. 2007 நவம்பரில் மக்களவை 193ஆம் விதியின்கீழ் இவ்வுடன்பாட்டை விவாதித்தது. அவ்விதியின்கீழ் நடக்கும் விவாதத்தின் முடிவில் தீர்மானமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஆகவே அரசை உண்மையில் அசைக்கவல்ல விவாதங்கள் வேறு களங்களைத் தேடிச் சென்றன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கன.

முதலாவது, அணுசக்தித் துறையின் அறிவியலாளர் வட்டம். ஈனுலையைக் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவர அமெரிக்கத் தரப்பு அழுத்தம் தந்தபோது, அணுசக்தி ஆணையத்தின் அப்போதைய தலைவர் அனில் ககோட்கர் 2006 பிப்ரவரியில் செய்தித்தாள் நேர்காணல் ஒன்றில் வெளிப்படையாகவே மறுப்புத் தெரிவித்தார். பதவியிலிருக்கும் ஓர் உயர் அலுவலர் இவ்வாறு பேசியது வழக்கத்துக்கு மாறானது. மார்ச் மாதத்தில் ஈனுலை கோட்டுக்கு அப்பால் நின்றதில் அம்மறுப்புக்குப் பங்குண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹோமி சேத்னா, பி.கே. ஐயங்கார், எம்.ஆர். சீனிவாசன், ஏ. கோபாலகிருஷ்ணன் முதலிய மூத்த அறிவியலாளர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். எதிர்காலச் சோதனைக்கான உரிமை, பயன்படுத்திய எரிபொருளை மறுபதனம் செய்து அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் உரிமை, எரிபொருள் வழங்கல் தடையின்றித் தொடருமென்ற உறுதி ஆகியவற்றை அவர்கள் வலியுறுத்தினர். 2006 ஆகஸ்ட் 17 அன்று மாநிலங்களவையில் பிரதமர் ஒவ்வொரு கவலைக்கும் விடையாக அளித்த உறுதிமொழிகள், அதன்பின் இந்தியப் பேச்சாளர்கள் தாண்ட முடியாத எல்லைக்கோடுகள் ஆயின. நாடாளுமன்றம் இம்மூன்றாண்டுகளில் உடன்பாட்டின் உள்ளடக்கத்தின்மீது செலுத்திய மிகப் பெரிய செல்வாக்கு இதுவெனலாம். ஆயினும் அதைத் தூண்டியவர்கள் உறுப்பினர்களல்லர், ஓய்வுபெற்ற அறிவியலாளர்கள்.

இரண்டாவது களம், ஆளும் கூட்டணிக்கும் இடதுசாரிகளுக்கும் இடையிலான குழு. 2004 தேர்தலுக்குப் பின் அமைந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, ஏறத்தாழ 60 இடதுசாரி உறுப்பினர்களின் வெளி ஆதரவில் நின்றது. 2005 செப்டம்பரில் பன்னாட்டு அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது முதலே, அணுசக்தி உடன்பாடு அயலுறவுக் கொள்கையை அமெரிக்காவோடு கட்டிப்போடும் என்ற ஐயம் இடதுசாரிகளிடம் வலுப்பெற்றது. ஈரானைக் கட்டுப்படுத்தும் முயற்சியில் இந்தியாவின் முழுப் பங்கேற்பைப் பெறுவதை அமெரிக்கக் கொள்கையாக ஹைட் சட்டம் எழுதிவைத்தபோது, அவ்வையம் ஆதாரம் பெற்ற குற்றச்சாட்டாயிற்று. அச்சட்டம் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது என்று அரசு சொன்னது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அது கட்டுப்படுத்தும், ஆகவே வாக்குறுதிகள் நிற்குமா என்பது அதைப் பொறுத்ததே என்று இடதுசாரிகள் விடையிறுத்தனர். இரண்டு வாதங்களும் கனமானவை. பிரணாப் முகர்ஜியின் பொறுப்பில் அமைந்த குழு 2007 செப்டம்பர் முதல் பலமுறை கூடி, எழுத்து வடிவில் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டது. பின்னர் இடதுசாரிகள் அவற்றைத் தொகுத்து வெளியிட்டனர். அக்குறிப்புகளைப் படிப்போர், 123 உடன்பாட்டின் ஒவ்வோர் உட்பிரிவும் ஹைட் சட்டத்தின் ஒவ்வோர் உட்பிரிவோடு ஒப்பிட்டு வாதிடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு நாடாளுமன்ற நிலைக்குழு செய்திருக்க வேண்டிய வேலை அது. ஆனால் அக்குழுவில் முதன்மை எதிர்க்கட்சிக்கு இடமில்லை. அதன் நடவடிக்கைகள் அவைப் பதிவில் இல்லை. வெளியிலிருந்து வல்லுநர்களை அழைத்துச் சான்று கேட்கும் அதிகாரமும் அதற்கில்லை.

அக்குழு முறிந்த விதம் கூர்ந்து நோக்கத்தக்கது. கண்காணிப்பு உடன்பாட்டுக்காகப் பன்னாட்டு அணுசக்தி முகமையோடு பேச்சு நடத்தலாம், ஆனால் கிடைத்த வரைவைக் குழுவின் முன் கொண்டுவந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும் என்பது 2007 நவம்பரில் ஏற்பட்ட இணக்கம். 2008 கோடையில் கண்காணிப்பு உடன்பாட்டின் வரைவு முற்றுப்பெற்றதும் அதன் முழு வாசகத்தை இடதுசாரிகள் கேட்டனர். அரசுக்கும் முகமைக்கும் இடைப்பட்ட கமுக்க ஆவணம் அது, மூன்றாம் தரப்புக்குக் காட்டலாகாது என்று விடை வந்தது. ஜூலை 8 அன்று இடதுசாரிகள் ஆதரவு விலக்கத்தை அறிவித்தனர். மறுநாள் அவ்வாவணம் முகமையின் ஆளுநர் குழுவைச் சேர்ந்த நாடுகளுக்கெல்லாம் சுற்றுக்கு விடப்பட்டது; அதற்கடுத்த நாள் உலகில் எவரும் அதை இணையத்தில் படிக்க முடிந்தது. அரசைத் தாங்கி நின்ற கட்சிகளுக்கு மறுக்கப்பட்ட தாள்கள், அவை விலகிய இரண்டே நாளில் பொதுச்சொத்தாயின. ஏற்றுக்கொள்ளத்தக்க காரணம் எதுவும் இம்மறைப்புக்கு இருந்ததாகத் தெரியவில்லை. முகமையின் விதிகள் அவ்வாறு கட்டாயப்படுத்தின என்று கொண்டாலும், ஒரு நாட்டின் மக்கள் பிரதிநிதிகளைவிட அயல்நாட்டுத் தூதர்கள் அந்நாட்டின் கடப்பாடுகளை முன்னதாக அறிய நேர்ந்தது மக்களாட்சிக்கு ஏற்புடையதன்று.

மூன்றாவது களம் வாஷிங்டன். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் அயலுறவுக் குழு, உடன்பாட்டின் பொருள்கோள் பற்றி அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் எழுத்தில் வினாக்கள் எழுப்பி, 2008 ஜனவரியில் எழுத்தில் விடைகளும் பெற்றிருந்தது. அவ்விடைகள் மாதக்கணக்கில் வெளியிடப்படாமல் இருந்தன. வியன்னாவில் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு கூடவிருந்த வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, அயலுறவுக் குழுவின் தலைவர் ஹோவர்ட் பெர்மன் அவற்றை வெளியிட்டார். எரிபொருள் வழங்கல் உறுதி என்பது வணிகப் பூசல் போன்ற இடையூறுகளுக்கே பொருந்தும், இந்தியா அணுவெடிப்புச் சோதனை நடத்தினால் பொருந்தாது என்ற விளக்கம் அவற்றில் இருந்தது. செறிவூட்டல், மறுபதனம் ஆகியவற்றுக்கான நுட்பங்களை வழங்கும் எண்ணமில்லை என்பதும் இருந்தது. பிரதமர் இந்திய அவையில் அளித்த உறுதிமொழிகளோடு இவ்விளக்கங்களை வைத்துப் பார்க்க வேண்டிய வாய்ப்பு, ஜூலையில் அரசின்மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்து ஆறு வாரங்கள் கழித்தே இந்திய உறுப்பினர்களுக்குக் கிட்டியது. அதுவும் இன்னொரு நாட்டின் அவைக்குழுவின் தயவில் கிட்டியது.

4. ஒற்றை வரித் தீர்மானம்

இடதுசாரிகள் விலகியதை அடுத்து, 2008 ஜூலை 21, 22 ஆகிய நாள்களில் மக்களவை விவாதித்த தீர்மானம் ஒரே வரியில் அடங்குவது: அமைச்சரவையின்மீது இவ்வவை நம்பிக்கை தெரிவிக்கிறது என்பதே அதன் முழு வாசகம். 'அணு' என்ற சொல் அதில் இல்லை. 'உடன்பாடு' என்ற சொல்லும் இல்லை. அந்த ஒரு வரிக்குள் ஒவ்வொரு கட்சியும் தனக்கு வேண்டிய வினாவை ஏற்றி வைத்தது.

ஏற்றப்பட்ட சுமைகளைப் பிரித்துப் பார்த்தால், உடன்பாட்டைப் பற்றிய கருத்துக்கும் அளித்த வாக்குக்கும் இடையே எத்துணை இடைவெளி இருந்தது என்பது புலப்படும். 1998 அணுவெடிப்புச் சோதனைகளுக்குப் பின் இந்தியத் தரப்பின் ஜஸ்வந்த் சிங்குக்கும் அமெரிக்கத் தரப்பின் ஸ்ட்ரோப் டால்பட்டுக்கும் இடையே நடந்த பேச்சுகளின்வழி அமெரிக்காவோடு நெருக்கத்தைத் தொடங்கிவைத்த பாரதிய ஜனதா கட்சி, உடன்பாடு சோதனை உரிமையைப் பறிப்பதாகக் கூறி எதிர்த்து வாக்களித்தது. அக்கட்சிக்கு வேண்டாததாக இருந்தது உடன்பாட்டின் சில கூறுகளேயன்றி அமெரிக்க உறவன்று. இடதுசாரிகளுக்கோ அந்த உறவே வேண்டாததாக இருந்தது. நேரெதிரான காரணங்கள் கொண்ட இவ்விரு தரப்பும் ஒரே பொத்தானை அழுத்த நேர்ந்தது. மறுபுறம், அதுவரை எதிர்த்துவந்த சமாஜ்வாதி கட்சியின் தலைவர்கள் ஜூலை 3 அன்று முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமைச் சந்தித்து, உடன்பாடு நாட்டு நலனுக்கு உகந்தது என்ற அவர் கருத்தைக் கேட்டு, அரசை ஆதரிக்க முன்வந்தனர். இராமேசுவரத்தில் பிறந்த அந்த அறிவியலாளரின் நேர்மையில் எவருக்கும் ஐயமிருந்ததில்லை. ஆயினும் ஓர் அவைக்குழுவின் முன் சான்றாகப் பதிவாகி, குறுக்குக் கேள்விகளுக்கு உட்பட்டிருக்க வேண்டிய கருத்து, ஒரு தனிச் சந்திப்பின் வழியாக வாக்குக் கணக்கை மாற்றியது என்பதை மறுப்பதற்கில்லை.

தமிழ்நாட்டிலிருந்து 2004இல் தேர்வான 39 பேரும் ஒரே கூட்டணியின் சார்பில் வென்றவர்கள். அவர்களுள் நால்வர் இடதுசாரிகள். ஒரே மேடையில் நின்று வாக்குக் கேட்ட கட்சிகள் நான்காண்டுக்குள் அவையில் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்தன. தேர்தலின்போது இவ்வுடன்பாடு பேசுபொருளாகவே இருக்கவில்லையாதலால், எந்தப் பக்கத்து உறுப்பினருக்கும் வாக்காளரின் கட்டளை என்று காட்ட ஏதுமில்லை.

அவைக்குள் நடந்தவை அனைவரும் அறிந்தவை. சிறையிலிருந்த உறுப்பினர்கள் வாக்களிக்க அழைத்துவரப்பட்டனர். பாரதிய ஜனதா கட்சியின் மூன்று உறுப்பினர்கள் பணக்கட்டுகளை அவையின் நடுவே மேசைமீது அடுக்கி, வாக்களிக்காமலிருக்கத் தமக்கு அளிக்கப்பட்ட கையூட்டு என்று குற்றஞ்சாட்டினர். அந்த அமளியில் பிரதமர் தம் விடையுரையை வாசிக்க முடியவில்லை. எழுதிவந்த உரையை அவையின் மேசையில் வைத்துவிட்டார். மூன்றாண்டுப் பேச்சுகளின் பின் உடன்பாட்டைக் குறித்து நாட்டின் தலைமை அமைச்சர் அளிக்கவிருந்த இறுதி விளக்கம், பேசப்படாத தாளாகவே அவைப் பதிவில் சேர்ந்தது. 275க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. கட்சிக் கட்டளையை மீறிச் சபாநாயகர் பதவியில் நீடித்து, அவ்வமர்வை நடத்தி முடித்த சோம்நாத் சாட்டர்ஜி மறுநாள் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்.

இவ்வெண்களைப் பார்த்து, 275 பேர் உடன்பாட்டை ஏற்றனர் என்றோ 256 பேர் மறுத்தனர் என்றோ எவரும் துணிந்து கூற இயலாது. தனித் தீர்மானமாக உடன்பாடு வாக்குக்கு வந்திருந்தால், இடதுசாரிகள் அரசைக் கவிழ்க்காமலே அதை எதிர்த்திருக்கலாம். எதிர்க்கட்சியிலிருந்த சிலர் ஆதரித்திருக்கலாம். திருத்தங்களும் நிபந்தனைகளும் முன்மொழியப்பட்டிருக்கலாம். அந்த வழி அடைபட்டிருந்ததே உள்நாட்டு விவாதத்தின் பெருங்குறை.

5. ஒரு சொல்லுக்காக நடந்த போராட்டம்

இதே நாடாளுமன்றம், தன் கையில் சட்டமியற்றும் அதிகாரம் இருந்தபோது எவ்வாறு நடந்துகொண்டது என்பதை 2010ஆம் ஆண்டு காட்டுகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் உலைகளை விற்க முன்வர வேண்டுமானால், விபத்து நேர்ந்தால் இழப்பீடு எவர் பொறுப்பு என்று வரையறுக்கும் சட்டம் தேவைப்பட்டது. உலகெங்கும் வழக்கத்திலுள்ள முறைப்படி நிலையத்தை இயக்குபவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். கருவி வழங்கியவர்மீது வழக்குச் செல்லாது. இந்தியாவில் அப்போது இயக்குபவர் அரசு நிறுவனமாக இருந்ததால், பழுதான கருவியை விற்ற அயல்நாட்டு நிறுவனம் தப்ப, இந்திய வரி செலுத்துவோர் இழப்பீடு தர நேரும் நிலை இருந்தது. 2010 மே மாதம் மசோதா அறிமுகமாயிற்று. ஜூன் 7 அன்று போபால் நச்சுவாயு வழக்கில், 25 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த மக்களுக்கு, குற்றவாளிகளுக்கு இரண்டாண்டுச் சிறை என்ற தீர்ப்பே கிடைத்தது. அதன்பின் எந்தக் கட்சியாலும் பழைய மசோதாவை அப்படியே ஏற்க முடியவில்லை.

மசோதா நிலைக்குழுவுக்குச் சென்றது. இயக்குபவரின் பொறுப்பு வரம்பு 500 கோடி ரூபாயிலிருந்து 1,500 கோடியாக உயர்ந்தது. 17ஆம் பிரிவு, இயக்குபவர் தாம் கொடுத்த இழப்பீட்டைக் கருவி வழங்கியவரிடமிருந்து மீட்கத்தக்க நிலைமைகளை வரிசைப்படுத்தியது: ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால் மீட்கலாம் என்பது முதல் உட்பிரிவு; வழங்கிய கருவியில் பழுது இருந்தால் மீட்கலாம் என்பது இரண்டாவது. குழுவின் அறிக்கையில் இவ்விரண்டுக்கும் நடுவே 'அண்ட்' என்ற ஆங்கில இணைப்புச் சொல் ஒன்று இடம்பெற்றது. மூன்றெழுத்துச் சொல்தான், ஆனால் அது நின்றால் இரண்டு நிலைமைகளும் ஒருங்கே இருந்தாலன்றி மீட்க முடியாது, அதாவது ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளாத நிறுவனம் பழுதான கருவிக்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சிகள் அதைக் கண்டுபிடித்தன, சொல் நீக்கப்பட்டது. அடுத்து வந்த அரசின் திருத்தத்தில், சேதம் விளைவிக்கும் 'உள்நோக்கத்தோடு' செய்த செயலுக்கே வழங்கியவர் பொறுப்பு என்ற தொடர் நுழைந்தது. உள்நோக்கத்தோடு அணு விபத்தை உண்டாக்கும் வணிகர் எவருமிலராதலால் அப்பிரிவே பயனற்றுப்போகும் என்று சுட்டிக்காட்டப்பட, அதுவும் நீக்கப்பட்டது. ஆகஸ்ட் 25 அன்று மக்களவையும் 30 அன்று மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின.

அவையோர் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2008இல் பணக்கட்டுகளைக் கண்ட அதே அவை, 2010இல் ஓர் இணைப்புச் சொல்லின் பொருளைக் கண்டது. உறுப்பினர்களும் பெரும்பாலும் அதே கட்சிகளைச் சேர்ந்தவர்களே. கட்சிகளின் நேர்மையோ உறுப்பினர்களின் கல்வியோ ஈராண்டில் மாறிவிடவில்லை. மாறியது ஒன்றே: முதல் முறை அவர்கள் முன் அரசின் உயிர் வைக்கப்பட்டது, இரண்டாம் முறை ஒரு வாசகம் வைக்கப்பட்டது.

6. எவரும் கேளாத கடற்கரை

மூன்றாண்டு விவாதத்தில் ஒருவராலும் போதிய அளவு எழுப்பப்படாத வினா ஒன்றுண்டு. இறையாண்மை, சோதனை உரிமை, அயலுறவுத் தற்சார்பு ஆகியவையே இரு தரப்பின் நாவிலும் இருந்தன. உலைகள் எழும்பப்போகும் ஊர்களின் நிலமும் கடலும் பாதுகாப்பும் பேசப்படவில்லை. அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு தன் 1992 முடிவிலிருந்து 2008 செப்டம்பர் 6 அன்று இந்தியாவுக்கு அளித்த விலக்கு, ரஷ்யாவோடு புதிய உலைகளுக்கான வாயிலைத் திறந்தது. கூடங்குளத்தின் முதலிரு உலைகள் 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்தவை. அங்கேயே மேலும் நான்கு உலைகள் அமைக்க 2008 டிசம்பரில் உடன்பாடாயிற்று. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையின் மீனவப் பெண்கள் லூர்து மாதா கோயில் முன் பந்தலில் அமர்ந்தபோதுதான், அந்த வினா நாட்டின் முன் வந்தது. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் நிலையத்துக்கு அனுமதி தந்து பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. உடன்பாட்டின் வாசகம் ஒரு நாடாளுமன்றக் குழுவின் முன் வந்திருந்தால், கடற்கரை ஊர்களின் சான்றும் அதே மேசைக்கு வந்திருக்க வழியுண்டு. அது இல்லாததால் அவ்வூர்களின் குரல் போராட்டமாகவும், பின்னர் குற்ற வழக்குகளாகவும் ஆயிற்று. இது வருந்தத்தக்கது.

விளைவுகளைப் பொறுத்தவரை, இரு தரப்பின் முன்னறிவிப்புகளும் பெரிதும் பொய்த்தன. இந்தியாவின் அயலுறவுக் கொள்கை அமெரிக்காவின் கைப்பிடிக்குள் சென்றுவிடவில்லை. 2020இல் 20,000 மெகாவாட் என்ற இலக்கும் எட்டப்படவில்லை. 2008இல் 4,120 மெகாவாட்டாக இருந்த நிறுவுதிறன் 2024இல் 8,180 மெகாவாட்டாகவே இருந்தது. கஜகஸ்தான், ரஷ்யா, கனடா ஆகிய நாடுகளின் யுரேனியம் வந்து பழைய உலைகளின் பட்டினியைத் தீர்த்தது. புதிய அமெரிக்க உலை ஒன்றுகூட இந்திய மண்ணில் எழும்பவில்லை.

அதற்குக் காரணம் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே என்று தொடர்ந்து கூறப்பட்டுவந்தது. 2015 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சகம் வினா-விடை வடிவில் ஒரு விளக்கம் வெளியிட்டு, அப்பிரிவு மீட்புரிமையை அனுமதிக்கிறதேயன்றிக் கட்டாயமாக்கவில்லை என்று பொருள்கொண்டது. நாடாளுமன்றம் சொல் சொல்லாகப் போராடி எழுதியதை ஆட்சித்துறை ஓர் இணையப் பக்கத்தில் தளர்த்தியது. பின்னர் 2025 டிசம்பர் 15 அன்று 'சாந்தி' என்ற சுருக்கப் பெயர் கொண்ட மசோதா மக்களவையில் அறிமுகமாகி, 18ஆம் நாளுக்குள் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தையும் அது நீக்கியது. தனியார் நிறுவனங்களை அணுமின் துறைக்குள் அனுமதித்தது. கருவி வழங்கியவரின் பழுதுக்கான பொறுப்பைப் பற்றிய பழைய உட்பிரிவை விட்டுவிட்டது. நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2010இல் மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்ட வேலை நான்கு நாளில் கலைக்கப்பட்டது.

உடன்படிக்கைகளைக் கையெழுத்துக்கு முன்போ ஏற்புறுதிக்கு முன்போ நாடாளுமன்றத்தின் முன் வைத்து, குழுவின் ஆய்வுக்கு உட்படுத்தி, தனித் தீர்மானமாக வாக்கெடுக்க வேண்டும் என்று விதிக்க அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. ஒன்றியப் பட்டியலின் 14ஆம் இனத்தின்கீழ் ஒரு சாதாரணச் சட்டம் போதும். இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கும் சட்ட மாணவர்களும் அரசியல் மாணவர்களும் அச்சட்டத்தின் வரைவை எழுதத் தொடங்க வேண்டும். தத்தம் தொகுதி உறுப்பினரிடம் அதைக் கொண்டு சேர்க்க வேண்டும். 1950 ஜனவரி 26 முதல் 14ஆம் இனம் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.